புரதத்தின் வடிவம் தெரிந்தால் டெங்குவுக்கு மருந்து வருமா?

ஐப்பசியில் மழை பிடித்தால் தை முடியும்வரை கல்முனைக் கரையோரத்துக்கு டெங்குக் காலம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வளவு வளவாக ஏறி இறங்குவார்கள். கிணற்றடி, கூரைப் பீலி, தயிர்ச் சட்டி, பழைய டயர் எல்லாம் சோதனைக்குள்ளாகும். காய்ச்சல் வந்தவருக்கு வைத்தியசாலையில் கிடைப்பது அளந்து கொடுக்கும் திரவமும் இடைவிடாத கண்காணிப்புமே. வைரஸைத் தாக்கும் மருந்து எதுவும் இதுவரை வழக்கத்துக்கு வரவில்லை.

இலங்கையில் டெங்கு ஆய்வுகூடச் சோதனையில் உறுதியானது 1962இல். 2017இல் மட்டும் நாடு முழுவதும் 186,101 பேர் நோயுற்றதாகப் பதிவாகி, 440 பேர் இறந்தார்கள். இதற்கிடையே வைரஸின் புரதங்கள் ஒவ்வொன்றாக அணு மட்டத்தில் படம்பிடிக்கப்பட்டன; அவற்றைக் கணினியில் திருப்பிப் பார்க்கவும், மடக்கிப் பார்க்கவும், ஆயிரக்கணக்கான சேர்மங்களை அவற்றோடு பொருத்திப் பார்க்கவும் முடிகிறது. அப்படியிருந்தும் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் ஏன் இவ்வளவு தாமதம்? இக்கேள்விக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் குறைந்தது நான்கு வகையான பதில்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுமாறுகிறது என்பதையே இங்கு பார்க்கிறோம்.

குழி தெரிந்தால் மருந்து தெரியும்

முதல் பதில் நம்பிக்கை மிகுந்தது. ஒரு புரதம் தன் வேலையைச் செய்யும் குழியின் வடிவம் தெரிந்தால், அதில் சரியாக உட்காரும் சேர்மத்தைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். இதன் வேர்களில் ஒன்று தமிழகத்தில் இருக்கிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் முறுக முடியும், எவற்றில் முடியாது என்பதை ஒரு வரைபடமாக வெளியிட்டார்கள். இன்று உலகில் எந்த வைரஸ் புரதத்தின் வடிவம் வெளிவந்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது.

இந்தப் பார்வைக்கு உண்மையான வெற்றிகள் உண்டு. இன்ஃபுளுவென்சா வைரஸின் நியூரமினிடேஸ் நொதியத்தின் வடிவத்தை 1983இல் அவுஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மனும் ஜோஸ் வர்கீஸும் வெளியிட்டார்கள். அந்தக் குழியில் எங்கே நேரேற்றம் கொண்ட கூட்டம் ஒன்று நன்றாகப் பொருந்தும் என்பதைக் கணினி காட்டியது; அதன்படி செய்த சனமிவிர் 1999இல் மருந்தாக அனுமதி பெற்றது. எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் நொதியத்தின் வடிவம் 1989இல் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1995இல், அதற்கெதிரான முதல் மருந்து வந்துவிட்டது.

டெங்குவிலும் இப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்தது இயல்பு. 2002இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு, உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி மூலம் டெங்கு வைரஸின் முழு உருவத்தைக் காட்டியது. முதிர்ந்த வைரஸின் மேற்பரப்பில் 180 உறைப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, 90 சோடிகளாக, முட்கள் எதுவுமின்றித் தட்டையாகப் படுத்திருக்கின்றன. கலத்துக்குள் இழுக்கப்பட்டு அமிலச் சூழலை அடைந்ததும் சோடி பிரிகிறது. புரதம் நிமிர்ந்து, மும்மூன்றாகச் சேர்ந்து, தன் நுனியிலுள்ள இணைப்பு வளையத்தைக் கலமென்சவ்வில் செருகுகிறது. 2003இல் ஹார்வர்ட் குழு அதே புரதத்தின் இரு பகுதிகள் மடங்கும் மூட்டில் ஒரு குழியைக் கண்டது. பளிங்காக்கும்போது சேர்த்த சவர்க்காரத் தன்மையுள்ள மூலக்கூறு ஒன்று அதற்குள் அகப்பட்டிருந்தது. மூட்டில் ஒன்றைச் செருகிவிட்டால் புரதம் நிமிரவே முடியாதே! எத்தனையோ குழுக்கள் தங்கள் சேர்மப் பட்டியல்களை இந்தக் குழிக்கு எதிராகக் கணினியில் ஓட்டின. சில சேர்மங்கள் கல வளர்ப்பில் வைரஸைத் தடுக்கவும் செய்தன. நோயாளியின் கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கொழுப்பை நாடும் அந்தக் குழிக்குப் பொருந்தும் சேர்மங்கள் பெரும்பாலும் நீரில் கரைய மறுப்பவை. பிணைப்பும் வலுக் குறைந்தது.

புரோட்டியேஸ் நொதியத்தின் கதை இன்னும் பாடம் புகட்டக்கூடியது. டெங்குவின் தூரத்து உறவான ஹெப்பட்டைட்டிஸ் சி வைரஸின் புரோட்டியேஸைக் குறிவைத்த மருந்துகள் 2011இலேயே சந்தைக்கு வந்துவிட்டன. டெங்குவின் என்எஸ்3 புரோட்டியேஸின் வடிவம் 2006இல் தெரிந்தும் அந்த வழி திறக்கவில்லை. அதன் குழி ஆழமற்றது. நேரேற்றம் கொண்ட அமினோ அமிலங்களையே விரும்புவதால், அதில் நன்றாக ஒட்டும் சேர்மங்களும் ஏற்றம் சுமக்கின்றன. ஏற்றம் சுமப்பவை கலமென்சவ்வைத் தாண்டி உள்ளே போவதில்லை. போதாததற்கு, கூட இருக்கும் என்எஸ்2பி என்ற துணைப் புரதம் ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. வடிவம் துல்லியமாகத் தெரிந்ததால்தான் இது எவ்வளவு கடினமான இலக்கு என்பதும் தெரிந்தது என்று சொல்லலாம். அதைச் சிறிய பயன் என்று ஒதுக்கவும் முடியாது.

எந்த வடிவம்?

இரண்டாவது பதில் முதல் பதிலின் அடிப்படையையே கேள்விக்குட்படுத்துகிறது. பாடநூல்களில் அச்சாகும் வழுவழுப்பான டெங்கு வைரஸ், நுளம்பின் உடல் வெப்பநிலைக்கு அருகில் எடுத்த படம். 2013இல் வெளிவந்த ஆய்வுகள், டெங்குவின் நான்கு வகைகளில் ஒன்றான டெங்கு-2 வைரஸின் சில மாதிரிகளை 37 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கியபோது மேற்பரப்பு விரிந்து கரடுமுரடாவதைக் காட்டின. மனித உடல் சந்திப்பது இந்த இரண்டாவது உருவத்தையாக இருக்கலாம். எல்லா மாதிரிகளும் இப்படி விரிவதுமில்லை. இன்னொரு சிக்கல், வெளிவரும் வைரஸ் துணிக்கைகளில் கணிசமானவை அரைகுறையாக முதிர்ந்தவை. முன்னோடிப் புரதம் முழுதும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே வருபவை. ஆக, இலக்கு ஓர் உருவம் அல்ல, ஓர் உருவக் கூட்டம்.

மருந்தைவிடத் தடுப்பூசிக்குத்தான் இது பெரிய தலையிடி. 1960களிலும் 70களிலும் பாங்கொக் சிறுவர்களிடையே ஆய்வு செய்த ஸ்கொட் ஹால்ஸ்டெட், ஒரு வகை டெங்கு வந்து சுகமானவருக்கு வேறு வகை வரும்போது நோய் கடுமையாவதைக் கவனித்து, பழைய பிறபொருளெதிரிகளே (சுருக்கமாக, எதிரிகளே) புதிய வைரஸைக் கலத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தார். நீண்ட காலம் சர்ச்சைக்குரியதாக இருந்த இக்கருத்துக்கு 2017இல் நிக்கரகுவாச் சிறுவர்களின் பல்லாண்டுக் குருதி மாதிரிகள் வலுச் சேர்த்தன: எதிரிகளே இல்லாதவர்களுக்கும் நிறைய உள்ளவர்களுக்கும் அல்ல, நடுத்தர அளவில் உள்ளவர்களுக்கே கடும் நோயின் அபாயம் உச்சத்தில் இருந்தது.

டெங்வக்சியாவின் கதையை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அனுமதி பெற்ற முதல் டெங்குத் தடுப்பூசி அது. பிலிப்பைன்ஸில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு ஏற்றப்பட்ட பிறகு, 2017 நவம்பர் இறுதியில், முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி கடும் நோயின் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்று தயாரித்த சனோஃபி நிறுவனமே அறிவித்தது. திட்டம் நின்றது, மற்றத் தடுப்பூசிகள் மீதான மக்களின் நம்பிக்கையும் அதோடு சரிந்தது. அந்த ஊசியில் இருந்தவை சரியான உறைப் புரதங்களே. அவற்றைக் கண்டு உடல் எவ்வகை எதிரிகளை உண்டாக்கும் என்பதைப் புரதத்தின் படம் சொல்லவில்லை.

இந்தச் சிக்கலிலிருந்தே வடிவ ஆய்வாளர்களின் மிக நேர்த்தியான மறுமொழி பிறந்தது எனலாம். உறைப் புரதத்தின் எந்த இடத்தில் ஒட்டும் எதிரி நல்லது, எது ஆபத்து என்று வரையறுக்கும் முயற்சி அது. இணைப்பு வளையத்தில் ஒட்டுபவை நான்கு வகைகளையும் அடையாளம் காணும். ஆனால் அரைகுறையாகவே தடுக்கும், நோயைத் தூண்டவும் கூடும். 2015இல் இலண்டன், பாரிஸ் குழுக்கள் விவரித்த வேறொரு தொகுதி, இரண்டு உறைப் புரதங்கள் சேரும் எல்லையில் ஒட்டி நான்கு வகைகளையும் வலுவாக முடக்குகிறது. அப்படியானால் தடுப்பூசியில் சோடியாகச் சேர்ந்த புரதத்தைக் கொடுத்து, இணைப்பு வளையத்தை மறைத்துவிட்டால் போதாதா?

இங்கேதான் கணினி தன் பங்கைத் தெளிவாகக் காட்டியது. தனியே தயாரித்த டெங்கு உறைப் புரதம் 37 பாகையில் சோடியாக நிற்பதில்லை, பிரிந்துவிடுகிறது. பிரிந்தால் ஊசி ஏற்றியதும் உடல் காண்பது தவறான முகத்தை. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிரையன் குல்மன், அரவிந்த டி சில்வா ஆகியோரின் குழுக்கள், ரொசெட்டா மென்பொருளைக் கொண்டு எந்த அமினோ அமிலங்களை மாற்றினால் சோடி கலையாது என்று கணக்கிட்டு, அவற்றை மாற்றி, புரதத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். 2021இல் வெளியான அந்த வேலையில், உடல் வெப்பநிலையிலும் சோடி நின்றது. எலிகளில் விரும்பிய வகை எதிரிகளும் தோன்றின. எலியிலிருந்து மனிதனுக்கு இன்னும் நெடுந்தூரம்.

இதே உத்தி வேறிடத்தில் பெரும் வெற்றி கண்டது. கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்தில் 986ஆம், 987ஆம் இடங்களில் இரண்டு புரோலின்களை வைத்து, கலத்தோடு இணையுமுன் உள்ள உருவத்தில் அதை நிறுத்தியதே ஃபைசர், மொடேர்னா ஊசிகளின் உள்ளடக்கம். குழந்தைகளின் சுவாசத்தைப் பாதிக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு 1960களில் செய்த ஊசி நோயைக் கடுமையாக்கி இரண்டு குழந்தைகளின் உயிரையே பறித்தது. இணையுமுன் உருவம் 2013இல் தெரிந்து, அதை நிலைநிறுத்திய பின், 2023இல் ஊசிகள் அனுமதி பெற்றன. இந்த உதாரணங்களைக் காட்டி டெங்குவுக்கும் அவ்வாறே என்று சொல்வோர் ஒரு வேறுபாட்டைத் தாண்டிப் போகிறார்கள். கொரோனாவில் பலவீனமான எதிரி பயன் குறைந்தது, அவ்வளவே. டெங்குவில் அது தீங்காகலாம். அதிலும் நான்கு வகைகளையும் ஒரே நேரத்தில் சமமாக வெல்ல வேண்டும்.

வடிவம் தெரியாமலே வந்தவை

மூன்றாவது பதில் அனுபவவாதிகளுடையது: படத்தை விடுங்கள், செய்து பாருங்கள் என்பது. இதற்கு இலங்கையும் ஒரு சாட்சி. டக்கேடா நிறுவனத்தின் கியூடெங்கா ஊசியைச் சோதித்த பெரும் பரிசோதனை எட்டு நாடுகளில் 4 முதல் 16 வயதுக்குட்பட்ட இருபதாயிரம் பேரில் நடந்தது. அவற்றில் ஒன்று இலங்கை. இந்த ஊசியின் முதுகெலும்பு, தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் நாயின் சிறுநீரகக் கலங்களில் 53 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கிய டெங்கு-2 வைரஸ். மற்ற மூன்று வகைகளின் மேற்பரப்புப் புரதங்கள் அதன் மீது ஏற்றப்பட்டன. கணினி வடிவமைப்பு என்று சொல்ல அதில் அதிகமில்லை.

பலன் முதல் ஆண்டில் 80 வீதம் என்று கணக்கிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பரவல் அதிகமான இடங்களில் 6 முதல் 16 வயதினருக்கு இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் முன்பு டெங்கு வராத பிள்ளைகளில் டெங்கு-3க்கு எதிராகப் பாதுகாப்பு தென்படவில்லை. அனுபவவாதத்தின் பலவீனம் இந்த ஓட்டையில்தான் தெரிகிறது. ஊசி வேலை செய்கிறது என்று காட்ட அதனால் முடிகிறது; ஒரு வகையில் ஏன் செய்யவில்லை, எதைத் திருத்துவது என்று சொல்ல முடிவதில்லை. அதற்குத் திரும்பவும் வடிவத்திடமே போக வேண்டும்.

மருந்திலும் இதே கதை. டெங்குவுக்கென்றே உருவாக்கி மனிதப் பரிசோதனையில் வெகுதூரம் போனவற்றுள் முக்கியமானது மொஸ்நோடென்விர். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் ஜான்சன் நிறுவனமும் ஆயிரக்கணக்கான சேர்மங்களை வைரஸ் தொற்றிய கலங்களில் நேரடியாகச் சோதித்து அதன் மூலச் சேர்மத்தைப் பிடித்தன. வைரஸின் என்எஸ்3, என்எஸ்4பி புரதங்கள் ஒன்றையொன்று தொடுவதை அது குலைக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. தொண்டர்களுக்குப் பலவீனப்படுத்திய டெங்கு-3 வைரஸைக் கொடுத்துச் செய்த சோதனையில் கூடிய அளவு மருந்து வைரஸைக் குறைத்தது. 2024 ஒக்டோபரில் நிறுவனம் தன் முன்னுரிமைகளை மாற்றியதாகக் கூறி இரண்டாம் கட்டக் களப் பரிசோதனையை நிறுத்தியது. அறிவியல் காரணம் சொல்லப்படவில்லை. டெங்கு ஏழை நாடுகளின் நோய் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் தேட?

காலம் என்ற தடை

நோயாளிப் படுக்கைக்கு அருகிலிருந்து வரும் நான்காவது பதில் கணினிக்காரர்களுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. டெங்குவில் குருதியிலுள்ள வைரஸ் காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்குகிறது. ஆபத்தான திரவக் கசிவோ காய்ச்சல் இறங்கும் வேளையில் வருகிறது. முதல் இரண்டு நாள் பரசிட்டமோலும் பப்பாசி இலைச் சாறும் கொடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம், நான்காம் நாளில் வைத்தியசாலைக்கு வருபவருக்கு, எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் பிந்திய மருந்தே. வியட்நாமில் பலபிரவிரும் சிங்கப்பூரில் செல்கோசிவிரும் நோயாளிகளில் பயன் தராமற்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஹெப்பட்டைட்டிஸ் சி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும் நோய். அங்கே மருந்துக்கு அவகாசம் இருந்தது.

ஆகவே சிலர் வைரஸை விட்டு உடலின் எதிர்வினையைக் குறிவைக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மலவிகேயின் குழு, ஒவ்வாமைக்குப் பயன்படும் ருபட்டடீன் என்ற மருந்தை டெங்கு நோயாளிகளில் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. பிரதான இலக்கில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. வேறு சில அளவீடுகளில் சாதகமான அறிகுறிகள் தென்பட்டன. இதை முடிவாகக் கொள்ள இயலாது, தொடர வேண்டிய வழி என்று கொள்ளலாம்.

மடிக்கணினியில் பிறக்கும் தடுப்பூசிகள்

2020இல் அல்ஃபாஃபோல்ட் புரத வடிவத்தை வரிசையிலிருந்தே கணித்துக் காட்டியதும், 2024இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றதும் இத்துறைக்குப் புதிய உற்சாகம் தந்துள்ளன. அந்த உற்சாகத்தின் வரம்புகளும் தெரியும். அல்ஃபாஃபோல்ட் வெளியிட்ட பெரும் தரவுத்தளம் தொடக்கத்தில் வைரஸ் புரதங்களைச் சேர்க்கவில்லை. ஒரு புரதத்துக்குப் பல உருவங்கள் இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றையே தருகிறது. பிறபொருளெதிரி எங்கே ஒட்டும் என்பதில் இன்னும் தடுமாறுகிறது. டெங்குவின் சிக்கலே இவ்விரண்டிலும்தான் இருக்கிறது.

இதற்கு இணையாக ஒரு கட்டுரைப் பெருக்கமும் நடக்கிறது. வைரஸின் வரிசையை எடுத்து, சில துண்டுகளை மென்பொருளால் தெரிவுசெய்து, ஒட்டி, 'பல்துண்டுத் தடுப்பூசி' என்று பெயரிடுவது ஒரு வகை. மூலிகைச் சேர்மங்களை டெங்குப் புரதத்தில் பொருத்திப் பார்த்து மதிப்பெண் இடுவது இன்னொரு வகை. பப்பாசி இலைக்கும் இப்படிப் பல கட்டுரைகள் உண்டு. செலவில்லை, மடிக்கணினி போதும் என்பதால் ஆய்வுகூட வசதி குறைந்த பல்கலைக்கழகங்களுக்கு இது கவர்ச்சியான பாதை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: பிணைப்பு ஆற்றலில் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிசகினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். விரைவுப் பொருத்த மென்பொருள்களின் வழமையான பிழை அதைவிடக் கூடியது. எனவே முதல் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு பல சமயம் வெறும் இரைச்சல். இம்முறை பல்லாயிரம் சேர்மங்களில் ஆகாதவற்றைக் கழிக்க உதவும். எஞ்சியதை மருந்து என்று அறிவிக்க உதவாது. சோதனைக் குழாயைத் தொடாத கட்டுரை ஓர் ஊகத்தின் பதிவாக மட்டுமே மதிக்கப்பட வேண்டும்.

சிக்குன்குனியா சொல்லும் பக்கக் கதை

2006இல் கல்முனை உட்பட இலங்கையின் பல இடங்களை, டெங்குவைப் போலவே நுளம்பால் பரவும் சிக்குன்குனியா வாட்டியது. அதே ஆண்டு ரீயூனியன் தீவில் பரவிய வைரஸ்களில், ஈ1 உறைப் புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனீன் வலீனாக மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஓரெழுத்து மாற்றம் ஏடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பில் வைரஸ் நன்கு பெருக வழிவிட்டது. இதை முன்கூட்டி எந்த வடிவக் கணிப்பும் சொல்லவில்லை. நோயாளிகளின் குருதியிலிருந்து வரிசையைப் படித்ததால் தெரிந்தது. ஒரே வகை மட்டும் உள்ள வைரஸ் என்பதால் சிக்குன்குனியாவுக்குத் தடுப்பூசி செய்வது ஒப்பீட்டில் இலகுவாக இருந்தது. 2023இலும் 2025இலும் அமெரிக்காவில் இரண்டு ஊசிகள் அனுமதி பெற்றன.

தீராதவை

எதிரிகளின் எந்த அளவு, எந்த இடத்தில் ஒட்டினால், ஒருவரை உண்மையில் பாதுகாக்கும் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் அளவுகோல் டெங்குவில் இன்னும் இல்லை. அந்த அளவுகோல் இல்லாதவரை, கணினி வடிவமைக்கும் எந்தப் புரதத்தையும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஆண்டுக்கணக்கில் சோதித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். டி கலங்களின் பங்கு எவ்வளவு, வைரஸின் என்எஸ்1 புரதத்தைத் தடுப்பூசியில் சேர்ப்பதால் கசிவு குறையுமா, விரியும் வைரஸ் உருவம் மனித உடலில் எவ்வளவு பொருட்டு என்பனவும் திறந்த கேள்விகளே.

இருக்கும் சான்றுகளை வைத்துச் சொன்னால், வடிவ ஆய்வு டெங்குத் தடுப்பூசியின் அடுத்த தலைமுறைக்குத் தவிர்க்க முடியாதது. மருந்துக்கு அதன் பங்களிப்பு இதுவரை மெலிந்தது. வடிவ ஆய்வுக்கு இப்போது குறைவாக இருப்பது கணினி வேகமல்ல, தரவு: எந்த ஊரில் எந்த ஆண்டு எந்த வகை டெங்கு வந்தது, யாருக்கு முன்பே வந்திருந்தது, யாருக்குக் கடுமையானது என்ற தொடர் பதிவு. அந்தப் பதிவை ஹார்வர்டில் உண்டாக்க முடியாது. டெங்கு வரும் ஊர்களில்தான் உண்டாக்க முடியும். சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தை வைத்திருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் கைகோத்து, ஒவ்வொரு மாரியிலும் குருதி மாதிரிகளின் டெங்கு வகையையும் மரபு வரிசையையும் பதிந்து வைத்தால், நூறு பொருத்தக் கட்டுரைகளைவிட அது உலகத்துக்குப் பயன்படும்.